டார்செட்டில் நான் நடந்தது ரோமானியச் சாலையின் மேலேயா?

கேள்வி:
போன வாரம் இங்கிலாந்தில், டார்செட் பக்கம் ரோமானியச் சாலை என்று சொல்லப்படும் ஆக்லிங் டைக் வழியாக இரண்டு மணி நேரம் நடந்தேன். கல் பாவிய சாலையாக இருக்கும் என்று நினைத்துப் போனால், புல் மூடிய நீளமான மேடுதான், சில இடங்களில் ஆள் உயரம், வயல்களுக்கு நடுவே கயிறு பிடித்த மாதிரி நேராகப் போகிறது. முயல் வளை ஒன்றின் வாயில் மட்டும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் துண்டுகளும் சரளையும் சிதறிக் கிடந்தன. சாலை இதற்கு அடியில் புதைந்திருக்கிறதா, இல்லை மேடே சாலையா?

பதில் 1:
மேடேதான் சாலை. மண்ணையும் சுண்ணாம்புக்கல்லையும் குவித்து, இடித்துக் கெட்டியாக்கி, மேலே சரளை பரப்பினார்கள், தண்ணீர் தேங்காமல் இருபுறமும் வழிய வேண்டும் என்பதற்காக. பிரிட்டனில் ஊர்களுக்கு வெளியே பெரும்பாலும் சரளைச் சாலைகள்தான். சரி, ஓக்லி டவுன் என்ற புல்வெளி மேட்டுநிலத்தைக் கடந்தீர்களா? அங்கே சாலை ஒரு வட்டமான வெண்கலக் காலப் புதைமேட்டின் (இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் எழுப்பியது) ஓரத்தை அறுத்துக்கொண்டு போகும். கி.பி. 43இல் ரோமானியர் படையெடுத்து வந்தபோதே அந்தப் புதைமேட்டுக்கு ஆயிரம் வயதுக்கு மேல். எது முந்தியது, எது பிந்தியது என்பதை மண்ணே காட்டிவிடும் இடம் அது, எனக்கு மிகவும் பிடித்த இடமும் கூட.

பதில் 2:
கல் பாவியதாகவே பார்க்க வேண்டும் என்றால் வட இங்கிலாந்தின் பென்னைன் மலையில் பிளாக்ஸ்டோன் எட்ஜுக்குப் போகச் சொல்வார்கள். நடுவில் பள்ளம் தேய்ந்த பெரிய கற்கள், பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் அது 18ஆம் நூற்றாண்டுச் சுங்கச்சாலை என்று சொல்பவர்களும் உண்டு. யார்க்‌ஷயரின் வீல்டேல் மூரில் இருப்பது சாலைதானா என்பதிலேயே சந்தேகம். அதனால் உங்கள் புல் மேட்டைக் குறைத்து மதிக்காதீர்கள்.

பதில் 3:
கையில் கிடைத்ததைப் போட்டுத்தான் கட்டினார்கள். சசெக்ஸில் ஹோல்ட்டை அருகே 1939இல் ரோமானியச் சாலை ஆய்வாளர் ஐவன் மார்கரி தோண்டிய சாலை முழுக்க இரும்பு உலைக் கசடு. பக்கத்திலேயே இரும்பு உருக்கினார்கள், மிஞ்சிய கசடைச் சாலையில் கொட்டினார்கள், அது துருவேறி ஒரே பாளமாக இறுகிவிட்டது. அதன் மேல் வண்டிச் சக்கரத் தடம்கூடத் தெரிந்தது.

கேள்வி கேட்டவர்:
ஐயோ, அந்தப் புதைமேட்டைப் படம் எடுத்திருக்கிறேன்! பழைய குட்டையின் கரை என்று நினைத்தேன். இப்போது பெரிதாக்கிப் பார்த்தால் வட்டத்தின் ஒரு ஓரம் சாலைக்கு அடியில் போய் மறைவது தெளிவாகத் தெரிகிறது.