குதிரைக் குளம்பு சீவும் செலவு: இரண்டு குதிரைகளுக்கு 30,000 ரூபாய் நியாயமா?

உப்புவெளிக் கரையோரன் கேட்டது:

வணக்கம். உப்புவெளிக் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வதற்காக இரண்டு மட்டக்குதிரைகளை ஒன்றரை ஆண்டாக வளர்த்து வருகிறேன். தீனிச் செலவும் மருந்துச் செலவும் ஒருவாறு கணக்குக்குள் அடங்கிவிட்டன. குளம்பு சீவும் செலவு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. இவ்வேலை தெரிந்தவர் திருகோணமலையில் எனக்கு எவரும் கிடைக்காததால் நுவரெலியாவிலிருந்து ஒருவரை வரவழைக்கிறேன். அவர் ஒரு குதிரைக்கு 6,000 ரூபாய் கூலியும், போக்குவரத்துக்கும் ஓரிரவு தங்குவதற்குமாக 18,000 ரூபாயும் கேட்கிறார். லாடம் அடிப்பதில்லை, வெறுமனே சீவுவது மட்டுந்தான். அதற்கே ஒரு தடவைக்கு 30,000 ரூபாய் ஆகிறது. இதை ஆறு வாரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்கிறார்.

சென்ற மாரியில் கையில் பணம் இல்லாததால் பதினான்கு வாரம் தள்ளிப்போட்டேன். அதன் பிறகு ஒரு குதிரை சரளைக் கல்லில் கால் வைக்கத் தயங்குகிறது. வண்டில் மாடுகளுக்கு லாடம் அடித்துப் பழகிய பெரியவர் ஒருவர் 1,500 ரூபாய்க்குச் சீவித் தருவதாகச் சொல்கிறார். அவரிடம் விடலாமா, அல்லது இடைவெளியை நீட்டிச் செலவைக் குறைக்கலாமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

தீவகத்தான் எழுதியது:

நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலத்திலிருந்தே குதிரைகள் கட்டாக்காலியாகத் திரிகின்றன. அவற்றுக்கு யார் குளம்பு சீவுகிறார்கள்? இயற்கை பார்த்துக்கொள்ளும் வேலைக்கு 30,000 ரூபாய் கொடுப்பது வீண் என்பதே என் எண்ணம்.

உவர்மலை ஓய்வு வைத்தியர் எழுதியது:

தீவகத்து அன்பர் சொன்ன குதிரைகள் பகல் முழுவதும் புல்லையும் நீரையும் தேடிச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் நடப்பவை. வளர்கிற அளவுக்குக் குளம்பு தானாகவே தேய்ந்துவிடும். தம்பியின் குதிரைகளோ லாயத்தில் நின்று, மாலையில் சிறிது நேரம் மென்மணலில் நடந்துவிட்டு, மறுபடியும் லாயத்துக்கே திரும்புகின்றன. இரண்டையும் ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும்.

குதிரையின் குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீற்றர் வரை வளரும். மயிரோரத்தில் இன்று தோன்றும் பகுதி முன்நுனிக்கு வந்து சேர ஓராண்டளவு செல்லும். இதிலிருந்து ஒன்றை விளங்கிக்கொள்ளலாம்: பதினான்கு வாரம் விட்டதால் முன்நுனி 2 அல்லது 3 சென்றிமீற்றர் நீண்டிருக்கும், அந்த வளர்ச்சியை ஒரே தடவையில் முழுவதும் வெட்டிச் சரிசெய்யவும் இயலாது. நுனி நீண்ட குதிரை காலை நிலத்திலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் பின்புறத்துத் தசைநாண் வழக்கத்தை மீறி இழுபடுகிறது. குளம்புச் சுவரின் ஓரம் விரிந்து பிளக்கிறது. அந்தப் பிளவுக்குள் மணலும் ஈரமும் புகுகின்றன. ஆறு முதல் எட்டு வாரம் என்ற வழக்கம் இந்த வளர்ச்சியைக் கணக்கிட்டே ஏற்பட்டது. உங்களை ஏமாற்றுவதற்காக அவர் ஆறு வாரம் என்று சொல்லவில்லை.

நமது மாவட்டத்தில் காலநிலையும் ஒரு செலவுதான். கச்சான் வீசும் மாதங்களில் குளம்பு கட்டையாக இறுகி வெடிக்கும். சீவுபவர் வருவதற்கு முன் காலை ஈரச் சாக்கில் அல்லது சேற்றுத் தரையில் நிறுத்தி வைத்தால் அவருடைய வேலை பாதியாகும். வாடைக்காற்று மழையில் இதற்கு நேர்மாறாகக் குளம்பு ஊறி மெலியும். அடிக்குளம்பின் நடுவில் முக்கோண வடிவில் இருக்கும் மென்பகுதியின் பள்ளங்களில் கருமையான கசிவும் அழுகல் நாற்றமும் காணப்பட்டால் அது தொற்று. நாள்தோறும் குளம்பைக் கிண்டித் துப்புரவு செய்து, தரையை உலர்வாக வைத்திருப்பதற்கு ஒரு சதமும் தேவையில்லை. அதைச் செய்யாதவர்தான் பிறகு மருந்துக்குக் கொடுக்கிறார்.

மாட்டு லாடக்காரரைப் பற்றி: அவருடைய கைத்திறனில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்தது, குதிரையின் குளம்போ ஒற்றை. மேலும் மாட்டைக் கட்டி விழுத்திப் படுக்கவைத்து லாடம் அடிப்பது நம் வழக்கம். குதிரையை அப்படி விழுத்துவது ஆபத்தானது. நின்றபடி நாலு காலிலும் எப்படிப் பாரம் தாங்குகிறது என்பதைப் பார்த்தே அதற்குச் சீவ வேண்டும். குளம்பின் அடிப்பரப்பான அடித்தகடு, பெருவிரலால் அழுத்தும்போது அமுங்கும் அளவுக்குச் சீவப்பட்டால், 1,500 ரூபாயில் மிச்சம் பிடித்தவர் பல வாரச் சவாரி வருமானத்தை இழக்க நேரும்.

கல்லில் தயங்கும் குதிரையை முதலில் ஒரு கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். குளம்பு சூடாக இருந்தாலோ, குளம்புக்கு மேலே கணுப்பக்கத்தில் நாடி பலமாகத் துடித்தாலோ அது வெறும் நீளக் குளம்பின் தொல்லை அல்ல. குளம்பினுள் அழற்சி இருக்கலாம். அதைச் சீவித் தீர்க்க முடியாது.

இலண்டன் திருமலையான் எழுதியது:

இங்கிலாந்தில் நாங்கள் வெறுமனே சீவுவதற்கு ஒரு குதிரைக்கு ஏறத்தாழ 30 முதல் 50 பவுண் வரை கொடுக்கிறோம். நாலு காலுக்கும் லாடம் என்றால் அதைப்போல இரண்டு, மூன்று மடங்காகும். 1975ஆம் ஆண்டின் சட்டப்படி இங்கே பதிவு பெற்றவரே லாடம் அடிக்கலாம். சீவுவதற்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அந்த விலையை உங்கள் விலையோடு ஒப்பிட வேண்டாம். ஒரே நாளில் ஒரு லாயத்தில் பத்துக் குதிரைகளைப் பார்ப்பதால்தான் இங்கே சீவுபவருக்கு அது கட்டுப்படியாகிறது. உங்கள் 30,000 ரூபாயில் 18,000 ரூபாய் குளம்புக்குப் போகவில்லை, வீதிக்குப் போகிறது. கூலியைக் குறைக்கச் சொல்லாமல் வீதிச் செலவைப் பங்கிடுவதற்கு வழி தேடுங்கள்.

நிலாவெளிக் குதிரைக்காரன் எழுதியது:

எனக்கும் மூன்று குதிரைகள் உண்டு. நானும் தனியாகவே ஆளை அழைத்துத் திண்டாடுகிறேன். இருவரும் சேர்ந்தால் ஐந்து குதிரைகளுக்குக் கூலி 30,000, பயணச் செலவு 18,000, மொத்தம் 48,000. ஒரு குதிரைக்கு 9,600 ரூபாய் விழும். உங்கள் பங்கு 19,200 மட்டுமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு சீவுபவர் வந்தபோது குளம்பு அரம் ஒன்றை வாங்கி, அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே ஓரத்தை உருட்டித் தேய்க்கப் பழகினேன். கத்தியையும் குறட்டையும் நான் தொடுவதில்லை, அடித்தகட்டிலும் கைவைப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓரத்தை மட்டும் தேய்ப்பதால் எட்டு வாரம் வரை தாங்குகிறது; அவரும் வந்து பார்த்துச் சரியென்றார். தச்சு அரத்தால் முயன்று முதல் நாளே முதுகு பிடித்துக்கொண்ட கதை வேறு.

உப்புவெளிக் கரையோரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு வாரத்துக்கு ஒருமுறை தனியாக அழைத்தால் ஆண்டுக்கு ஒன்பது தடவை, 2,70,000 ரூபாய். நிலாவெளி அண்ணாவுடன் சேர்ந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை அழைத்தால் ஏழு தடவை, 1,34,400 ரூபாய். ஆனால் தயங்கும் குதிரையின் குளம்பு பழைய நிலைக்கு வரும்வரை அதற்கு மட்டும் ஆறு வார இடைவெளியையே வைத்திருக்கப் போகிறேன். நாளை காலை வைத்தியரிடம் காட்டுகிறேன். மாட்டு லாடக்காரப் பெரியவரிடம், குதிரையின் காலைத் தூக்கிப் பிடித்து உதவ வர இயலுமா என்று கேட்டிருக்கிறேன். அதற்கு அவர் சம்மதித்துவிட்டார். அண்ணா, அடுத்த தடவை எந்தக் கிழமை உங்களுக்கு வசதி என்று அறியத்தாருங்கள்.