பொருள்: அனாமலி ஸ்கேனுக்குத் தமிழ்ச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

கர்ப்பிணிகளுக்கான கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும். 18 முதல் 22 வாரத்துக்குள் எடுப்பதை ஊரில் ‘அஞ்சாம் மாச ஸ்கேன்’ என்கிறார்கள். சீட்டில் ‘அனாமலி’ (குறைபாடு) என்றோ, அதே ஸ்கேனின் ஆங்கிலச் சுருக்கமான ‘டிஃபா’ என்றோ இருக்கும். ‘பிறழ்வு வருடல்’ சரியா?

----

மறுமொழி:

‘பிறழ்வு’ வேண்டாம். நெறி பிறழ்ந்தது, மனம் பிறழ்ந்தது என்றே காதில் விழும். வயிற்றில் பிள்ளையோடு சீட்டை வாசிப்பவரை நினைத்துப் பாருங்கள். இந்த ஸ்கேனில் தலை முதல் கால் வரை உறுப்புகளின் அமைப்பைப் பார்க்கிறார்கள்: மூளையின் பக்க அறை 10 மி.மீ.க்குக் குறைவாக இருக்கிறதா, மேலுதடு சேர்ந்திருக்கிறதா, இதயத்தின் நான்கு அறைகளும் அங்கிருந்து கிளம்பும் இரு பெருங்குழாய்களும் சரியா; பிறகு முதுகெலும்பு, வயிற்றுச் சுவர், சிறுநீரகம், கைகால். ஆகவே ‘உறுப்பமைப்பு ஸ்கேன்’.

மாதக் கணக்கில் பெயர் வைத்தால் ஆபத்து. அஞ்சாம் மாதம் பிறந்ததும் 17 வாரத்திலேயே வந்துவிடுவோர் உண்டு. இதயம் அப்போது மிகச் சிறியது, பெரும்பாலும் மறுபடி வரச் சொல்ல வேண்டியிருக்கும். 23 வாரத்தில் வந்தால் வேறு சிக்கல். குறை தெரிந்து, பனிக்குட நீரெடுத்துச் சோதித்து முடிவு வருவதற்குள் 24 வாரம் கடந்துவிடும். 2021 கருக்கலைப்புத் திருத்தச் சட்டப்படி, அதற்குமேல் கடுமையான குறைபாட்டுக்காகக் கருவைக் கலைக்க மருத்துவக் குழுமத்தின் ஒப்புதல் வேண்டும். எனவே பெயரோடு வாரத்தையும் அச்சிடுங்கள்.

‘வருடல்’ அழகுதான், கருவி வயிற்றை வருடத்தான் செய்கிறது. ஆனால் ‘ஸ்கேன்’ கிராமத்துப் பாட்டி வாயிலும் வந்துவிட்டது. அதைப் பிடுங்க வேண்டாம்.

----

மறுமொழி:

‘உறுப்பமைப்பு’க்கு என் வாக்கும் உண்டு, ஒரு தடையோடு. அமைப்பு சரி என்றால் எல்லாமே சரி என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். குரோமோசோம் கோளாறு உருவத்தில் ஒன்றுமே காட்டாமல் இருக்கலாம். இதயச் சுவரின் சிறு ஓட்டை தப்பிப்போகலாம். தாயின் வயிற்றுச் சதை தடித்திருந்தாலோ, பனிக்குட நீர் குறைந்திருந்தாலோ படம் மங்கும். பிள்ளை குப்புறக் கிடந்து முகம் தெரியாவிட்டால், சற்று நடந்துவிட்டு வரச் சொல்வார்கள். அது பயப்படும் செய்தி அல்ல என்றும் கையேட்டில் எழுதுங்கள்.

அடுத்த குழப்பம் ‘கழுத்து’. 11 முதல் 14 வாரத்துக்குள் பிள்ளையின் கழுத்துக்குப் பின்னால் தேங்கும் நீரை அளக்கிறார்கள். அஞ்சாம் மாதத்தில் தாயின் கருப்பைக் கழுத்தை அளக்கிறார்கள். இரண்டையும் ‘கழுத்து அளவு’ என்று எழுதினால் பிள்ளைக்குக் கழுத்து குட்டை என்று கலங்கிப்போவார்கள். பிள்ளைக்குப் ‘பிடரி நீர் அளவு’, தாய்க்குக் ‘கருப்பைக் கழுத்து நீளம்’. ‘கருப்பை வாய்’ புற்றுநோய்ப் பேச்சில் ஊன்றிவிட்ட சொல்தான். ஆனால் வாய்க்கு ஏது நீளம்?

அந்த நீளத்தைப் பிறப்புறுப்பு வழியே கருவி வைத்துப் பார்ப்பதே நம்பகமானது. சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அழுத்தத்தில் கழுத்து நீண்டதுபோல் காட்டிவிடும். 24 வாரத்துக்குள் 25 மி.மீ.க்குக் குறைந்தால் குறைப்பிரசவ ஆபத்து கூடுதல்.

----

மறுமொழி:

ஸ்கேனில் தெரியும் லேசான ஐய அடையாளமான ‘சாஃப்ட் மார்க்கர்’ என்பதை ‘மென்குறி’ என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம்! ஆணா பெண்ணா என்று சொல்வதே 1994 சட்டப்படி குற்றம். அந்த அறிக்கையில் போய்க் ‘குறி’யா? இதயத்தில் தெரியும் வெண்புள்ளி, சிறுநீரகக் குழி லேசாக விரிவது போன்றவை தம்மளவில் நோயல்ல. பிற சோதனைகளோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். ‘ஐயச்சுட்டு’ பொருந்தும்.

‘வளர்ச்சி ஸ்கேன்’ அப்படியே போகட்டும். ஃபீட்டல் எக்கோ ‘கரு இதய ஸ்கேன்’; தாய்க்குக் கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் இருந்தாலோ, குடும்பத்தில் பிறவி இதயக் குறை இருந்தாலோ கேட்பது என்று அடியில் ஒரு வரி. இரத்த ஓட்டம் பார்க்கும் ‘டாப்ளர்’ ஆள் பெயர், அதைத் தொட வேண்டாம்.

நஞ்சுக்கொடி ‘கீழே இறங்கியிருக்கிறது’ என்று எழுதாதீர்கள். அது இறங்குவதில்லை, தொடக்கத்திலேயே தாழ்வாக ஒட்டியது. கருப்பையின் கீழ்ப்பகுதி வளர வளரப் பெரும்பாலும் விலகிவிடும். ‘தாழ்ந்த நஞ்சு’ என்று போட்டு, 32 வாரத்தில் மறுபடி பார்க்கவும் என்று சேருங்கள்.