புதுப்பிப்பு: எக்ஸ்டி ஒருவழியாக நெட்வொர்க்கில் சேர்ந்தது

ஐபிஎம் பிசி எக்ஸ்டி என்ற 1980-களின் பழைய கணினியை சீரியல் (பிட்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பும்) கேபிள் வழியாக ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியோடு இணைத்தால் நொடிக்கு 38400 பிட் வேகத்தில் எழுத்துகள் பாதியில் காணாமல் போகின்றன என்று போன வாரம் புலம்பியிருந்தேன். கேபிள்மேல்தான் சந்தேகம், இரண்டு முறை பிரித்துப் பற்றவைத்தேன். வீண் வேலை!

குற்றவாளி சீரியல் கார்டில் தரவை வாங்கி அனுப்பும் 8250 சிப். வரும் பைட்டை வைத்திருக்க அதில் ஒரே ஓர் இடம்தான். 4.77 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் அதை எடுப்பதற்குள் அடுத்தது வந்து மேலே உட்கார்ந்துவிடுகிறது. அதற்குப் பின் வந்த 16550 சிப்பில் 16 பைட்டுக்கு இடம் உண்டு, ஆனால் என் கையில் இல்லை.

சரி என்று வேகத்தை 9600-க்கு இறக்கினேன். இரண்டு பக்க மின்னழுத்தத்தையும் பொருத்தும் மேக்ஸ்3232 சிப்பை வைத்துக் கட்டிய அடாப்டர், சீரியல் வழியாக நெட்வொர்க் தரவை அனுப்பும் ஸ்லிப் டிரைவர், டாஸுக்கான நெட்வொர்க் மென்பொருளான எம்டிசிபி எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. 360 கேபி கோப்பு வர ஏறக்குறைய 7 நிமிடம். காபி போட்டுவிட்டு வரலாம். அப்புறம் 19200-ஐ முயன்று பார்க்கிறேன்.