கை வைத்திருந்தும் 'ஸ்டியரிங்கைப் பிடி' என்கிறது கார்: சென்சார் கோளாறா?

தக்கலைக்காரன்:
அப்பாவின் புதுக் காரில், ரோட்டுக் கோடுகளுக்குள் வண்டியைப் பிடித்துவைக்கும் லேன் அசிஸ்டும், முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகம் குறைக்கும் குரூஸும் உண்டு. காவல்கிணறில் நாலுவழிச் சாலை ஏறியதும் போட்டுவிடுவார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாலும் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. சர்வீஸில் 'எல்லாம் சரி' என்று அனுப்பிவிட்டார்கள். ஒருவர் ஸ்டியரிங்கில் தண்ணீர் பாட்டில் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?

பார்வதிபுரம்_பாலம்:
கோளாறு இல்லை மக்கா. பல கார்கள் கை படுவதைப் பார்ப்பதில்லை. ஸ்டியரிங்கில் விழும் முறுக்கை, அதாவது திருப்பும் விசையைத்தான் அளக்கின்றன. நேர்ரோட்டில் பட்டும் படாமலும் பிடித்தால் கை இல்லை என்றே கணக்கு. ஒரு கையின் பாரம் லேசாக ஒரு பக்கம் விழட்டும். பாட்டிலும் அதே முறுக்கைக் கொடுத்துத்தான் ஏமாற்றும். கட்டவே கட்டாதீர்கள்.

தக்கலைக்காரன்:
சரி அண்ணே. இன்னொரு விஷயம். அது ஓடும்போது அப்பா வாட்ஸ்அப் பார்க்கிறார். கேட்டால், "மணி அடிச்சா பிடிச்சுக்கிடுவேன்ல" என்கிறார்.

ஆரல்_காற்று:
மணி அடிக்கும் என்று யார் சொன்னது? ரோட்டுக் கோடு மங்கின இடத்தில் லேன் அசிஸ்ட் விட்டுவிடும்; பல வண்டிகளில் மீட்டரிலுள்ள பச்சைப் படம் வெள்ளையாகும், அவ்வளவுதான். நிற்கிற லாரியைச் சில சமயம் கண்டுகொள்ளவும் செய்யாது. முப்பந்தலில் ஆடிக்காற்று பக்கவாட்டில் தள்ளும்போது அப்பா கண் எங்கே இருக்கும்?

80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர். மெசேஜ் வாசித்து நிமிர 3 நொடி என்றால் 66 மீட்டர் போயாச்சு. நிமிர்ந்தாலும் யார் எங்கே வருகிறார்கள் என்று மனசில் பதிய இன்னும் சில நொடி வேண்டும். ஓட்டுநர் கண்ணை எடுக்கலாம் என்கிற மூன்றாம் நிலை கார்களே, 'நீ எடுத்துக்கொள்' என்று கேட்டபின் பொதுவாக 10 நொடி அவகாசம் தரவேண்டும் என்பது ஐ.நா. விதி. உங்களுடையது, ஓட்டுநரே எப்போதும் கவனிக்கவேண்டிய இரண்டாம் நிலை. அதற்கு அந்த அவகாசமே கிடையாது.

கோட்டாறு_மெக்கானிக்:
2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பியில், ஊபரின் தானாக ஓடும் சோதனைக் கார் ஒன்று இரவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மேல் மோதியது. அவர் இறந்துவிட்டார். கண்காணிப்பதற்கென்றே சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்த ஓட்டுநரின் கவனம் போனில் இருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

தக்கலைக்காரன்:
சொன்னேன், "அது அமெரிக்கா" என்றார். நேற்று வள்ளியூர் போகும்போது அம்மா போனைப் பிடுங்கித் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். கையின் பாரத்தை மாற்றியதில் மணியும் குறைந்துவிட்டது. அப்பாவுக்குத்தான் முகமே சரியில்லை.