கொடுவா 5.24 கிலோவா, 10 பவுண்டா? எந்தத் தராசை நம்புறது?

ஜெட்டிக்காரன்:
சனிக்கிழமை விடியக்காலை சிங்கப்பூர் பிடோக் ஜெட்டியில ஒரு கொடுவா மாட்டுச்சு. கதை இல்ல, படம் இருக்கு. இறக்கு வலையைக் கீழ விட்டு, மீனை அதுல ஏந்தி மேல தூக்கி, வலையோடவே என் டிஜிட்டல் தராசுல மாட்டினேன். திரையில 5.85. வலை மட்டும் 610 கிராம்னு முந்தின நாளே வீட்டுல நிறுத்து வெச்சிருந்தேன். கழிச்சா 5.24.

பக்கத்துல நின்ன சிலேத்தார் சிங்கம் அண்ணன் தன்னோட ஸ்பிரிங் கவ்வியை (வாயைப் பிடிச்சுத் தூக்கினா எடையும் காட்டுறது) மீன் வாயில மாட்டித் தூக்கினார். ஒரு பார்வை பார்த்துட்டு, "பத்து பவுண்டுதான் தம்பி"ன்னு சிரிச்சார். பத்து பவுண்டுன்னா 4.54 கிலோ. மிச்சம் 700 கிராம் எங்க போச்சு? அஞ்சு கிலோவைத் தாண்டினா முர்தபா (கறி வெச்ச பரோட்டா) அவர் வாங்கித் தரணும், இல்லேன்னா நான்னு பந்தயம் வேற.

மறுபடி நிறுத்துப் பார்க்கவும் வழியில்ல. அன்னைக்கே வெட்டியாச்சு, தலைக்கறி மட்டும் நாலு பேருக்கு வந்துச்சு. என் தராசு 28 வெள்ளி, 50 கிலோ வரைக்கும் தாங்கும். இதை நம்பலாமா, இல்ல வேற வாங்கணுமா? வாங்கினா எது?

சிலேத்தார் சிங்கம்:
நீயே கேட்டதால சொல்றேன். உன்கிட்ட இருக்கிறது மீன் தராசே இல்ல. சென்னைக்குப் போறவங்க பெட்டியைத் தூக்கிப் பார்க்கிற தராசு. என் கவ்வி ஒன்பது வருஷமா உப்புத் தண்ணியில உழைக்குது. பேட்டரி இல்ல, திரை இல்ல, மழையில நனைஞ்சாலும் கவலை இல்ல. டிஜிட்டல் நானும் ஒண்ணு வெச்சிருந்தேன். ஆறு மாசம் கழிச்சு பேட்டரி மூடியைத் திறந்தா உள்ள பச்சை பூத்து, கம்பி தூளாக் கொட்டுச்சு.

ஜெட்டிக்காரன்:
அண்ணே, பெட்டிக்கு ஒரு கிலோ, மீனுக்கு ஒரு கிலோவா? அப்புறம் உங்க கவ்வியில அரைப் பவுண்டுக்கு ஒரு கோடுதான் இருக்கு. ஊசி பத்துக்கும் பத்தரைக்கும் நடுவுல நின்னதை நான் பார்த்தேன். நீங்க பத்துன்னு முடிச்சுட்டீங்க.

சிலேத்தார் சிங்கம்:
நடுவுல நின்னா கீழ்க்கோடுதான் கணக்கு. நான் போட்ட சட்டம் இல்ல அது. உலக சாதனைகளைப் பதியுற ஐஜிஎஃப்ஏ விதியே அதுதான். ரெண்டு கோட்டுக்கு நடுவுல கண்ணால அளந்து சொல்லக் கூடாது, கீழே இறக்கித்தான் எழுதணும்.

9.8 வாத்தியார்:
விதி சரிதான். அதே விதிப் புத்தகத்தில், சாதனைக்கு எடை போடும் தராசு கடந்த 12 மாதத்துக்குள் சோதித்துச் சான்று வாங்கியதாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. உங்கள் ஒன்பது வருஷக் கவ்வி கடைசியாக எப்போது சோதனைக்குப் போனது?

தம்பிக்கும் ஒன்று. திரையில் 10 கிராம் பத்து கிராமாக எண் மாறுவதால் தராசு 10 கிராம் வரை துல்லியம் என்று அர்த்தமில்லை. கடிகாரத்தில் விநாடி முள் இருந்தாலும் அது ஐந்து நிமிஷம் பிந்தி ஓடலாம் அல்லவா? 50 கிலோ தாங்கும் லோட் செல்லில் (டிஜிட்டல் தராசுக்குள் எடையை உணரும் பாகம்) ஒரு கிலோ மீனைத் தொங்கவிட்டால் முழு அளவில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் தொடுகிறீர்கள். மொத்த அளவில் அரை சதவீதம் பிசகினாலே 250 கிராம். பிடிக்கும் மீன் தராசின் உச்ச எடையில் கால் பங்குக்கு மேல், முக்கால் பங்குக்குள் வருமாறு பார்த்து வாங்குவது நல்லது. ஸ்பிரிங்குக்கும் இதுவே பொருந்தும்.

கேட்காமலே இன்னொன்றும் சொல்கிறேன், பழக்கதோஷம். ஸ்பிரிங்கும் டிஜிட்டலும் அளப்பது பூமி மீனை இழுக்கும் விசையை. நாம் பூமத்திய ரேகைக்குச் சற்று மேலே இருக்கிறோம், இங்கே ஈர்ப்பு 9.78. நியம மதிப்பான 9.80665-க்கு அளவு வைத்த தராசு இங்கே 0.26 சதவீதம் குறைத்துக் காட்டும். உங்கள் கொடுவாவில் அது 12 முதல் 14 கிராம், ஒரு மேசைக்கரண்டிச் சீனி. உங்கள் சண்டையோ 700 கிராமுக்கு. ஆகவே பூமியின் மேல் பழி போட வேண்டாம்.

தூண்டில் ராணி:
எல்லாரும் தராசைப் பத்தியே பேசுறீங்க. மீனைத் தொங்கவிட்ட விதத்தை யாரும் கேட்கலையே? கவ்வியை வாயில மாட்டி நேரா மேல தூக்கினா அத்தனை எடையும் கீழ்த்தாடையில விழுது. ஆஸ்திரேலியாவுல கொடுவாவை வெச்சே சோதிச்சிருக்காங்க, கவ்வி பிடிச்ச இடத்துல வாயின் அடிச்சவ்வு கிழிஞ்சிருக்கு. தம்பி குழம்பு வெச்சுட்டார், சரி. நான் நீர்த்தேக்கத்துல செயற்கை இரையில பீக்காக் பாஸும் தோமானும் பிடிச்சு விடுறவ. விடப்போற மீனை எதுக்குத் தூக்குல போடணும்?

சிலேத்தார் சிங்கம்:
பல்லுள்ள தோமானைக் கையால பிடிக்கச் சொல்றீங்களா அக்கா? விரல் போயிடும். கவ்வி இல்லாம நான் தொட மாட்டேன்.

தூண்டில் ராணி:
பிடிக்க வேண்டாம்னு சொல்லலையே. பிடிங்க, இன்னொரு கையால வயித்தைத் தாங்குங்க. எடை வேணும்னா ஈரத் தூளியில கிடத்தித் தூக்குங்க. அதுவும் வேண்டாம்னா அளவு நாடா போதும். வாய் நுனியில இருந்து வாலின் நடு விளிம்பு வரைக்கும் நீளம், வயித்துச் சுற்றளவு, ரெண்டும் அங்குலத்துல. நீளத்தைச் சுற்றளவால ரெண்டு தடவை பெருக்கி 800-ஆல வகுத்தா பவுண்டு. சென்டிமீட்டர்ல அளந்தா 28,900-ஆல வகுங்க, கிலோ வரும். திருக்கைக்கும் விலாங்குக்கும் ஒத்து வராது. கொடுவா மாதிரி உடம்புக்குக் கிட்டத்தட்ட வரும். ஜெட்டிக்காரன், நீங்க அளந்தீங்களா?

ஜெட்டிக்காரன்:
அளந்தேன் அக்கா. நீளம் 70 சென்டிமீட்டர். சுற்றளவுக்குத் தூண்டில் நூலை வயித்தைச் சுத்திப் பிடிச்சு, அப்புறம் நாடாவுல வெச்சுப் பார்த்தேன், 44. கணக்குப் போட்டா... 4.69 வருது.

(தூக்கம் போச்சு.)

சிலேத்தார் சிங்கம்:
முர்தபா ஆட்டிறைச்சியா, கோழியான்னு யோசிச்சுட்டு இருக்கேன்.

ஜெட்டிக்காரன்:
அவசரப்படாதீங்க. நாடாக் கணக்கு உத்தேசம்தான்னு அக்காவே சொல்லிட்டாங்க. அது உங்க 4.54-ம் இல்லையே.

தேக்கா மாமா:
முப்பது வருஷம் சந்தையில மீன் வித்தவன் சொல்றேன், கேளுங்க. தம்பி, வலையை வீட்டுல நிறுத்தேன்னியே, காய்ஞ்ச வலையா, நனைஞ்ச வலையா?

ஜெட்டிக்காரன்:
காய்ஞ்சதுதான் மாமா. பால்கனியில தொங்கினது.

தேக்கா மாமா:
அப்போ கடலை நிறுத்துட்டு மீன்னு சொல்லிக்கிட்டு இருக்கே. எங்க தொழில்ல முதல் பாடமே அது. ஐஸ் பெட்டியில இருந்து எடுத்த மீனைத் தண்ணி வடியாம தட்டுல போட்டா, வாங்குறவங்க நம்மைப் பார்க்கிற பார்வையே வேற மாதிரி இருக்கும். வலைன்னா முடிச்சுக்கு முடிச்சு தண்ணி பிடிச்சு வெச்சிருக்கும். போய் நனைச்சு நிறுத்துட்டு வா.

சந்தைத் தராசுல எடை அளவை அலுவலகத்தோட அக்யூரஸி வில்லை இருக்கும், வியாபாரத்துக்குச் சோதிக்காத தராசு ஆகாது. உங்க தூண்டில் தராசை யாரும் வந்து பார்க்கப் போறதில்ல. நீங்களேதான் பார்த்துக்கணும். வாத்தியார் சொன்ன ஈர்ப்புக் கதையும் எங்க பழைய டாச்சிங்குக்குக் கிடையாது. நம்ம ஊர் வெள்ளிக்கோல் மாதிரிதான் அது. ஒரு பக்கம் மீன், இன்னொரு பக்கம் குண்டு. பூமி இழுத்தா ரெண்டையும் சேர்த்துத்தானே இழுக்கும்?

9.8 வாத்தியார்:
மாமாவுக்கு நூற்றுக்கு நூறு.

ஜெட்டிக்காரன் (மறுநாள் இரவு):
சரி, குளியலறையில பெரிய கூத்தே நடந்துச்சு. ஒன்றரை லிட்டர் தண்ணிப் போத்தல் மூணு எடுத்தேன். ஒவ்வொண்ணா சமையல் தராசுல நிறுத்தேன், மூணும் சேர்ந்து 4.58 கிலோ. பையில போட்டு (பை எடை கழிச்சு) என் தராசுல மாட்டினா 4.60. மூணு தடவை மாட்டினேன், ரெண்டு தடவை 4.60, ஒரு தடவை 4.59. ஆகப் பெட்டித் தராசு ஒண்ணும் மோசமில்ல, சிங்கம் அண்ணே.

அப்புறம் வலையை வாளியில முக்கி, ஜெட்டியில பிடிச்ச மாதிரியே மேல தூக்கி உடனே நிறுத்தேன். 1.09 கிலோ. சொட்டச் சொட்ட, குளியலறைத் தரையெல்லாம் தண்ணி. அம்மா வந்து பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம கதவைச் சாத்திட்டாங்க. 1.09-ல 610 கிராமைக் கழிச்சா 480 கிராம் தண்ணி. 5.24-ல அதையும் எடுத்தா மீன் 4.76.

அஞ்சு இல்ல. ஒத்துக்கிறேன். ஆனா நீங்களும் அதே மூணு போத்தலை உங்க கவ்வியில மாட்டிப் பாருங்க.

சிலேத்தார் சிங்கம்:
மாட்டினேன். 4.58-ன்னா பத்து பவுண்டுக்கு ஒரு நூல் மேல நிக்கணும். ஊசி ஒன்பதரைக்கு மேல, பத்துக்குக் கீழ நின்னுச்சு. விரலால ரெண்டு தட்டு தட்டினேன், சட்டுன்னு பத்துக்குப் போச்சு. உள்ள துரு பிடிச்சு ஸ்பிரிங் உரசுது போல. ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணியில கழுவித்தான் வெச்சேன், சத்தியமா.

தூண்டில் ராணி:
அப்போ சனிக்கிழமை தட்டியிருந்தா பத்தரைக்கே போயிருக்கும். பத்தரை பவுண்டுன்னா 4.76. தம்பியோட கணக்கும் அதுதான்.

சிலேத்தார் சிங்கம்:
போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். தட்டாத ஊசிக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன். எப்படிப் பார்த்தாலும் அஞ்சுக்குக் கீழதான்.

ஜெட்டிக்காரன்:
கடைசியா ஒண்ணு, புதுசு வாங்கவா வேண்டாமா?

தூண்டில் ராணி:
ஜெட்டிக்கு மட்டும்னா இருக்கிறதே போதும், ஈர வலையை எடை போட்டுக் கழிச்சாச் சரி. நீர்த்தேக்கத்துல ஒரு கிலோ, ரெண்டு கிலோ மீன் பிடிக்கப் போறீங்கன்னா வாத்தியார் சொன்ன கால் பங்குக் கணக்குக்கு ஏத்த சின்னத் தராசா வாங்குங்க. பேட்டரி மூடியில ரப்பர் வளையம் இருக்கான்னு கடையிலேயே திறந்து பாருங்க. காத்துல மீன் ஆடும்போது எண்ணை நிறுத்திப் பிடிக்கிற லாக் பட்டன் வேணும். மாதம் ஒரு தடவை அந்தப் போத்தல் சோதனை. தூளியும் ஒண்ணு வாங்கிடுங்க, தராசை விட அதுதான் முக்கியம்.

சிலேத்தார் சிங்கம்:
நான் இன்னும் ஸ்பிரிங்தான். ஆனா புது ஸ்பிரிங்.

தேக்கா மாமா:
எங்க கணக்குல சொல்றேன். ஒரு கட்டி 605 கிராம். உன் கொடுவா ஏழே முக்கால் கட்டிக்கு மேல கொஞ்சம். சந்தையில நான் எட்டுன்னு சொல்லி ஏழே முக்காலுக்குக் கொடுத்திருப்பேன்.

ஜெட்டிக்காரன்:
வர்ற சனிக்கிழமை ஆறு மணிக்கு ஜெட்டியில இருப்பேன். முர்தபா கோழிதான், ஆட்டிறைச்சிக்கு மீன் அஞ்சு கிலோ இருந்திருக்கணும்.