உள்ளே கம்பி அறாமலே உருகிய கார் ஏசி பியூஸ்: உங்களுக்கும் நடந்ததா?

குடியிருப்புக்காரன்

அம்மாவைக் கிளினிக்குக்கு வவுனியா கொண்டுபோன நாள். நல்ல சோளகம், வெளியே புழுதி. அதனால் கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஏசி காற்றை நாலில் விட்டிருந்தேன். கனகராயன்குளம் தாண்ட, பிளாஸ்டிக் கருகுகிற மணம். "ஆரோ குப்பை கொழுத்துறாங்கள்" என்றார் அம்மா. கண்ணாடியை இறக்கினால் மணம் இல்லை, ஏற்றினால் இருக்கிறது. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

மர நிழலில் நிறுத்தி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற பெட்டியைத் திறந்தேன். புளோவரின் (ஏசி காற்றைத் தள்ளுகிற விசிறி) 20 ஆம்பியர் மஞ்சள் பியூஸ். விரலால் பிடித்ததும் சுட்டுவிட்டது. குறட்டால் இழுத்து எடுத்தேன். ஒரு கால் பக்கம் மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி, மெழுகுதிரி வழிந்த மாதிரி வழிந்திருந்தது. வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், உள்ளே இருக்கிற கம்பி முழுசாக இருக்கிறது! புதியதைப் போட்டேன். ஓமந்தை வருவதற்குள் அதுவும் கை வைக்க முடியாத சூடு. கூடக் கரண்ட் போனால் அறுவதற்குத்தானே அதை வைத்திருக்கிறார்கள்? தான் உருகி, கம்பியை ஏன் காப்பாற்றியது?

கச்சான் பை

தம்பி, தயவுசெய்து பெரிய பியூஸ் மட்டும் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு கராஜில் "இது தாங்காது" என்று 20ஐ எடுத்துவிட்டு 30 ஆம்பியர் பச்சையைப் போட்டுத் தந்தார்கள். இரண்டு கிழமை ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து காரை எடுத்தால், டாஷ்போர்டு துவாரத்தால் வெள்ளைப் புகை. முன் சீற்றில் மகள், மடியில் கச்சான் பை. பிள்ளையைத் தூக்கி வெளியே விட்டேன். பற்றறி வயரைக் கழற்ற 10ஆம் நம்பர் சாவி இல்லை. கச்சான் விற்ற அம்மாவின் மகன் தன் சைக்கிள் சாவியோடு ஓடி வந்தான். அவன் கழற்றுகிற நேரம் முழுக்க, மகள் அழவில்லை, பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பியூஸ் கடைசிவரை அறவில்லை. வயர்தான் எரிந்தது.

பழைய சாரதி

இருவரும் கோபிக்க வேண்டாம். இது வாகனம் பார்க்கத் தெரியாததால் வருகிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் நாங்கள் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள். ஸ்டார்ட் எடுக்க மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல். பியூஸ் இல்லாவிட்டால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். (இப்போது யாரும் அப்படிச் செய்ய வேண்டாம்.) உங்கள் பிரச்சினை ஏசி பில்டர். கிரவல் ரோட்டுப் புழுதி அதை அடைத்துவிட்டால், மோட்டர் மூச்சு முட்டிக் கூடக் கரண்ட் இழுக்கும். கையுறைப் பெட்டியைக் கழற்றி, பில்டரை எடுத்துத் தட்டுங்கள். எலி கூடு கட்டியிருக்கிறதா பாருங்கள். வேப்பமரத்துக்குக் கீழே விடாதீர்கள், சருகு போகும். கார் எடுத்ததும் ஏசியைப் போடாதீர்கள். நிறுத்த ஐந்து நிமிடம் முன்பே அணையுங்கள். பற்றறித் தலையில் கிறீஸ் பூசுங்கள். ரயர் காற்றையும் ஒருமுறை பாருங்கள்.

மீற்றர் கை

ரயர் காற்றுக்கும் இதற்கும் என்ன தொடர்பு, ஐயா?

பில்டர் கதையும் தலைகீழ். இந்த வகை விசிறி காற்றை அள்ளி எறிவதற்குத்தான் பாடுபடுகிறது. காற்று வராவிட்டால் வேலை குறையும், கரண்டும் குறையும். வாசலை அட்டையால் மூடிப் பாருங்கள், மோட்டர் சத்தம் ஏறும், வேகமாகச் சுற்றும். கிளாம்ப் மீற்றர் (வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கிறது) போட்டுப் பார்த்தேன்: திறந்தபடி 17 ஆம்பியர், மூடினால் 12.

என் வான் வண்டியிலும் இதே கதைதான். மூன்று பியூஸ் மாற்றிய பிறகு, புளோவர் நாலில் ஓடும்போது பியூஸ் செருகுகிற இரண்டு பிடிகளுக்கும் இடையே வோல்ற் அளந்தேன். நல்ல பியூஸ் என்றால் சில பத்து மில்லிவோல்ற் வரும். எனக்கு 0.6 வோல்ற். 17ஆல் பெருக்குங்கள், 10 வாட்டுக்கு மேல், ஒரு பட்டாணி அளவு இடத்தில்! உருகாமல் என்ன செய்யும்? கரண்ட் 20ஐத் தாண்டவே இல்லை, கம்பி ஏன் அற வேண்டும்? காலைப் பிடிக்கிற செப்புப் பிடி தளர்ந்து கறுத்துப்போய்க் கிடந்தது. அங்கேதான் சூடு. 30ஐப் போட்டாலும் அந்தப் பிடி அதே பிடிதான், வயருக்கு இருந்த காவல்தான் போய்விடும்.

பற்றறியைக் கழற்றிவிட்டு அந்தப் பிடியைப் புதிதாகப் போட வேண்டும், வயர் நுனி கருகியிருந்தால் நல்ல செம்பு வரும்வரை வெட்டி. அரத்தாள் தேய்த்தால் பூச்சு போய் இன்னும் கெடும். அதுவரை காற்றை இரண்டில் வைத்து ஓடுங்கள். பழைய மாதிரிச் சுவிட்ச் என்றால் அங்கே றெசிஸ்ரர் கரண்டைக் குறைக்கும், நாலில் முழுக் கரண்டும் நேரே போகும். மோட்டரைக் கையால் சுற்றியும் பாருங்கள். இறுகினால் பெயரிங் போய்விட்டது, அதுவும் கூட இழுக்கும்.

பழைய சாரதி

நான் சொன்னது ஒரு வாகனத்துக்கு இல்லை, பொதுவாக. பில்டர் அடைத்தால் அந்த றெசிஸ்ரருக்குக் காற்றுப் படாது, அதுவாவது சூடாகும்தானே?

மீற்றர் கை

ஆகும். அது சரி. ஆனால் உருகியது பியூஸ்.

குடியிருப்புக்காரன்

நேற்று பரந்தனில் ஒரு வயறிங்காரரிடம் காட்டினேன். 0.4 வோல்ற் வந்தது. மோட்டர் நன்றாகச் சுற்றுகிறது. பெட்டியைக் கழற்றித் திருப்பியதும் அவர் சிரித்தார். பியூஸின் ஒரு காலோடு சேர்த்து, தோல் உரித்த சிவப்பு வயர் ஒன்றை யாரோ பிடிக்குள் திணித்திருக்கிறார்கள். அதனால் பிடி வாய் பிளந்துவிட்டது. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், டிக்கியில் இருக்கிற பாட்டுப் பெட்டி. போன வருடம் மச்சான் ஆசையாகப் பூட்டித் தந்தது. பிடி புதிது போட்டாயிற்று, பாட்டுப் பெட்டிக்குப் பற்றறியிலிருந்து தனி வயர், தனி பியூஸ். நாலில் ஓடினாலும் இப்போது கை வைக்கலாம்.

மச்சானுக்கு இன்னும் சொல்லவில்லை. தன் காருக்கும் தானேதான் பூட்டினவர்.