76 சீட் வரம்பு: முழு ஒப்பந்தம் எங்கே கிடைக்கும்?

வணக்கம். அமெரிக்காவில், சிகாகோ பேஸில் ஒரு ரீஜனல் ஏர்லைனில் ஃபர்ஸ்ட் ஆபீசராக (துணை விமானியாக) இருக்கிறேன். விமானம் எம்ப்ரேயர் 175, 76 சீட். பெரிய ஏர்லைன் ஒன்றின் பெயரில்தான் பறக்கிறோம்.

மார்ச்சில் கேப்டன் பயிற்சிக்கு என் பெயர் வந்தது. மே மாதம் நிறுத்திவிட்டார்கள். புது விமானம் வராதாம். பெரிய ஏர்லைன் பைலட் சங்கத்தின் ஒப்பந்தத்தில் உள்ள 'ஸ்கோப்' விதி இடம் தராதாம். எங்களைப் போன்ற ரீஜனல் ஏர்லைன்கள் அவர்கள் பெயரில் எவ்வளவு பெரிய விமானம், எத்தனை ஓட்டலாம் என்று கட்டுப்படுத்துகிற விதி அது. பொதுவான வரம்பு எனக்குத் தெரியும்: 76 சீட்டுக்கு மேல் கூடாது, டேக்-ஆஃப் எடை 86,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. அந்த எடையால்தான் எம்ப்ரேயரின் 175-இ2 இங்கே வர முடியவில்லை. 50 சீட்டுக்கு மேற்பட்ட விமானங்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. பக்கத்து கேட்டில் நிற்கிற சிஆர்ஜே-550 விமானத்தில் 70 பேர் உட்காரக்கூடிய உடலில் 50 சீட்தான், மிச்ச இடத்தில் பெட்டி வைக்கும் அலமாரி. அதுவும் இந்த விதிக்காகத்தான். தங்கள் வேலையைக் காக்க பெரிய ஏர்லைன் பைலட்கள் போட்டது, அதில் எனக்குக் குறையில்லை. பெரிய ஏர்லைன் எத்தனை விமானம் சேர்த்தால் எங்களுக்கு எத்தனை கூடும் என்ற கணக்குதான் வேண்டும்.

எங்கள் சங்கப் பிரதிநிதியைக் கேட்டேன். அது அவர்கள் ஒப்பந்தம் என்றார். சீஃப் பைலட் ஆபீஸில் பதிலே இல்லை. இணையத்தில் கிடைத்த பிரதியில் ஸ்கோப் விதி உள்ள முதல் பிரிவு இருக்கிறது, பின்னால் சேர்த்த திருத்தக் கடிதங்கள் இல்லை. வேறொரு கம்பெனிக்கு 30ஆம் தேதிக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தச் சங்கத்தில் உறுப்பினர் அல்லாத ஒருவர், திருத்தக் கடிதங்களோடு முழு ஒப்பந்தத்தை எங்கே படிக்கலாம்?